ஒரு கால் கூடிப்போன மடையான்

படிக்கப்போகிறவர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் எழுத்து கோட்டின் மேல் நிற்காது, போகப்போகக் கீழே இறங்கிவிடும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் கையெழுத்தும், பெயிண்ட் டப்பா மூடியில் கலர் நம்பரும்தான். எந்த இடத்தில் எந்த ‘ல’ என்று இன்றும் தெரியாது. ஒற்று விட்டுப்போயிருக்கும், கால் கூடிப்போயிருக்கும். கடைமடை ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் தப்பைத் திருத்தித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எழுத்தைத் திருத்துங்கள், விஷயத்தில் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். பிள்ளைகள் எல்லாம் விரும்பிப் படிக்கிற படப்புத்தகத்தில் ஒரு கொக்கு வருகிறதே, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் நிற்கிற மடையான், அது முழுக்கக் கற்பனை இல்லை. எங்கள் ஊரில் இருந்த ஒருவர்தான் அது. அவர்மேல் கடைமடை ஊரில் பதினோரு வருடமாக ஒரு பழி இருக்கிறது. அந்தப் பழி அவருடையது இல்லை. இந்த இரண்டையும் சொல்ல வேண்டும். அவர் பெயரைப் போட வேண்டாம் என்று அவருடைய மகள் போனில் சொல்லிவிட்டதால் ‘அவர்’ என்றே எழுதுகிறேன்.

காவிரியிலிருந்து பிரிந்து வரும் ஒரு வாய்க்கால்தான் எங்கள் ஊருக்கும் கடைமடை ஊருக்கும் பொது. எங்கள் ஊர் தலைமடை, தண்ணீர் முதலில் எங்களைத் தொடும். அங்கிருந்து நான்கு மைல் வளைந்து வளைந்து போய், மிச்சம் இருப்பது அவர்களுக்கு. எங்கள் வயல்களுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு மடை. இரண்டு பக்கமும் கருங்கல் சுவர், நடுவில் தூக்கி இறக்குகிற மரப்பலகை. தண்ணீர் குறைந்த வருடங்களில் முறை வைத்துக்கொள்வார்கள். மூன்று நாள் எங்களுக்கு, நான்கு நாள் அவர்களுக்கு. அவர்கள் முறையில் எங்கள் பலகை இறங்கியே இருக்க வேண்டும். அந்த மடையைப் பார்த்துக்கொண்டவர் அவர். இரண்டு ஊர்க்காரர்களும் அறுவடையில் கொஞ்சம் நெல் அளப்பார்கள். அதுதான் அவர் பிழைப்பு.

அவருக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. கடைசியில் இருப்பவனுக்கு வந்து சேர்ந்ததா, இல்லையா.

அதைத் தெரிந்துகொள்ள அவர் ஒரு வழி வைத்திருந்தார். மடைக்குப் பக்கத்தில் நிற்கும் பூவரச மரத்திலிருந்து ஒரு இலையைக் கிள்ளி, காம்பில் ஒரு முடிச்சுப் போட்டுத் தண்ணீரில் விடுவார். அப்புறம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு நடப்பார். வழியில் எங்காவது எலி வளையில் தண்ணீர் ஒழுகினால் மண் வெட்டி அடைப்பார். இலை எங்கேயாவது சிக்கியிருந்தால் தள்ளிவிடுவார். கடைசி வயலின் வாய்மடையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துகொள்வார். முடிச்சுப் போட்ட இலை வந்து காலைத் தொட்ட பிறகுதான் எழுந்திருப்பார்.

“ஏண்ணே, தண்ணி வந்தாத் தெரியாதா? எதுக்கு எலை?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தண்ணி யாரு வீட்டுத் தண்ணின்னு அதுமேல எழுதியிருக்கா தம்பி? நடுவுல நின்ன தண்ணியும் வரும், மழத்தண்ணியும் வரும். எல வந்தாத்தான் நான் விட்டது வந்துச்சுன்னு அர்த்தம்.”

கல்யாண வீட்டிலும் இதே கதைதான். பந்தியில் உட்கார மாட்டார். கூப்பிட்டால், “ஆவட்டும், ஆவட்டும்” என்று தூணோடு நிற்பார். கடைசிப் பந்தியில் கடைசி இலை வரை நடந்துபோய், “பாயசம் இங்க வந்துச்சா?” என்று கேட்பார். பரிமாறுகிறவர்களுக்கு எரிச்சல் வரும். சமையல்காரர் ஒருவர் கரண்டியை ஓங்கிக்கொண்டு, “யோவ், இதென்ன வாய்க்காலா? பாயசத்துக்கும் பலக போட வந்துட்டியா?” என்று கத்தியது நினைவிருக்கிறது. பந்தியே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கடைசி இலைக்குப் பாயசம் விழுந்த பிறகுதான் நகர்ந்தார். அன்றைக்கு அவருக்குப் பாயசம் இல்லாமல் போனது.

பஸ்ஸிலும் அப்படித்தான். எல்லோரும் ஏறட்டும் என்று நிற்பார், பஸ் போய்விடும். கண்டக்டர்கள் அவரைத் தெரிந்துவைத்திருந்தார்கள். “ஏறுய்யா, நீதான்யா கடசி, பின்னாடி ஒரு ஈ காக்கா இல்ல” என்பார்கள். அவர் திரும்பி ஒருதரம் ரோட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்.

இப்படி ஒருவரோடு பழகுவது சுலபமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அலுப்பாக இருக்கும். அவருக்கு முன்னால் நாம் எது செய்தாலும் கொஞ்சம் முந்திக்கொண்டது போலவே தோன்றும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர்மேல் பிரியமும் உண்டு, உள்ளுக்குள் ஒரு கடுப்பும் உண்டு. பயிர் வாடுகிறபோது கடுப்புதான் முதலில் வெளியே வரும். “டேய் மடையா, இங்க காயுது, அங்க எவனுக்கோ ஓட விடுற!” என்று கரையில் நின்று கத்துவார்கள். மடை பார்க்கிறவன் மடையன் என்பது பழைய பேச்சு. முட்டாளைத் திட்டுகிற சொல்லும் அதுதான். அவர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வார். “ஆமாங்க, மடையன்தாங்க, மடையில நிக்கிறேன்ல” என்பார். பலகையை மட்டும் தூக்க மாட்டார்.

அந்தக் காலத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தார். எங்கள் தெருவில் அந்தப் பெண்ணுக்குச் சொந்தக்காரர் வீடு இருந்தது. படம் வரைகிறவர். ஒரு பெரிய நோட்டும் பென்சிலுமாக, காலில் சேறு படப் பயப்படாமல் வயல் வரப்பெல்லாம் நடந்தார். நாற்றுக்கட்டு, நண்டு வளை, டீக்கடை, எல்லாவற்றையும் வரைந்தார். கடைசியில் அந்தப் பெண் அவர் பின்னாலேயே நடக்க ஆரம்பித்துவிட்டார். இலையை விட்டுவிட்டு நான்கு மைல் நடக்கிற மனிதரை அதற்குமுன் பார்த்ததில்லை போல.

ஒருநாள் நான் மடைக்குப் பக்கத்தில் மாடு கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் வந்து, “அண்ணா, அங்க போறாரே, அவரை எல்லாரும் என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?” என்று கேட்டார்.

எனக்கு வெளியாட்களோடு பேச வராது. பெண் பிள்ளை என்றால் இன்னும் மோசம். வாய்க்குள்ளேயே முனகினேன். அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. “எழுதிக் காட்டுறீங்களா?” என்று நோட்டை நீட்டினார். ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். அவருடைய நல்ல பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும். கையில் வந்தது ஊர் கூப்பிடுகிற பெயர். ‘மடையன்’ என்று எழுத நினைத்து, யகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கால் போட்டுவிட்டேன். மடையான்.

அந்தப் பெண் எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்தது. மடைச் சுவரின்மேல், கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, சேற்று நிறத்தில் ஒரு சின்னக் கொக்கு நின்றிருந்தது. வயல்காட்டில் எங்கும் நிற்குமே, அதையும் எங்கள் பக்கம் மடையான் என்றுதான் சொல்வோம். அந்தப் பெண் கொக்கைப் பார்த்தார், கரையில் தூரத்தில் போய்க்கொண்டிருந்த அவரைப் பார்த்தார். அவரும் அப்படித்தான், கூன் போட்ட முதுகு, சேறு காய்ந்த துண்டு.

“ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?” என்றார்.

தப்பு என்று சொல்ல வேண்டுமானால் இன்னும் நாலு வார்த்தை பேச வேண்டும். தலையை ஆட்டிவிட்டேன்.

இவ்வளவுதான் அந்தக் கொக்கு பிறந்த கதை. புத்தகம் வர ஐந்தாறு வருடம் ஆனது. அதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

அந்தப் பெண் ஊருக்குப் போன அடுத்த வருடம் மேட்டூரில் தண்ணீர் இல்லை. மார்கழி மாதம். கதிர் வெளிவருகிற சமயம், அப்போது வயலில் ஈரம் இல்லாவிட்டால் பால் பிடிக்காது, எல்லாம் பதராகும். நான் குத்தகைக்கு எடுத்திருந்த நிலம் வெடிப்பு விட்டிருந்தது. முறைப்படி அது கடைமடை ஊர்க்காரர்களின் நான்காவது நாள். முதல் மூன்று நாள் தண்ணீரை வாய்க்காலும் முன்னால் இருக்கிற வயல்களும் குடித்துவிடும், நான்காவது நாள்தான் கடைசி வயல்களுக்குப் போய்ச் சேரும். மறுநாள் ஆற்றையே அடைக்கப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது.

காலையில் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். அவரை வெள்ளை வேட்டியில் பார்த்தது அன்றைக்குத்தான்.

“தம்பி, மகளுக்கு வலி எடுத்துடுச்சாம். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில சேத்துருக்காங்க. அவ அம்மாவும் இல்ல. நான் போயிட்டு சாயங்காலம் வந்துடுறேன். ஒரு பகலு மடையப் பாத்துக்க. பலகையத் தொட உடாத.”

“போயிட்டு வாங்கண்ணே, நான் பாத்துக்குறேன்” என்றேன்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மத்தியானம் வரைக்கும். அந்தப் பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் என் வயல் கண்ணுக்குத் தெரிந்தது. சுற்றிலும் ஒருவரும் இல்லை. பலகையைத் தூக்கினேன். ஒரு அரைமணி நேரம் என்றுதான் நினைத்தேன். தண்ணீர் வெடிப்புக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. பொழுது சாய்கிற வரைக்கும் என்னால் பலகையை இறக்க முடியவில்லை. என் வயலோடு எங்கள் ஊரில் பாதிப் பேர் வயல் நனைந்தது.

மறுநாள் ஆற்றில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள்.

கடைமடை ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் சைக்கிளிலும் டிவிஎஸ்ஸிலும் வந்தார்கள். அவர்கள் முறையில் எங்கள் வயல் ஈரமாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டார்கள். பாலத்தருகில் கூட்டம் கூடியது. இரவு ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டு, பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய அவரை அப்படியே நிறுத்திக் கேட்டார்கள். அவர் நேராகப் போய்ப் பலகையைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த ஈர மண்ணை விரலால் தொட்டார். திரும்பி வந்து, “மடை என் பொறுப்பு. தப்பு என்னுது” என்றார்.

“எங்க தண்ணிய வித்துட்டியாடா?” என்று ஒருவர் கேட்டார். அவர் தலையை நிமிர்த்தவில்லை. எங்கள் ஊரில் வயல் நனைந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் ஒரு டிராக்டருக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் பார்க்கவில்லை.

அதோடு அவருக்கு மடை போய்விட்டது. தஞ்சாவூரில் மகள் வீட்டுக்குப் போனார், திரும்பி வரவில்லை. எனக்கு அந்த வருடம் நல்ல விளைச்சல். அந்த நெல்லைத்தான் வருடம் முழுக்கச் சாப்பிட்டோம். சாப்பிட உட்கார்ந்தால் தொண்டையில் இறங்காது என்று எழுதினால் அது பொய். இறங்கியது. ஆனால் அடுத்த வருடம் நாற்று விட மனம் வரவில்லை. குத்தகையை விட்டுவிட்டு வெள்ளையடிக்கவும் பெயிண்ட் அடிக்கவும் போக ஆரம்பித்தேன். இன்றுவரை அதுதான்.

புத்தகத்தை நான் முதலில் பார்த்தது ஒரு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போன இடத்தில். அந்த வீட்டுக் குழந்தை ஏணிக்குக் கீழே உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். மடையான் என்று ஒரு கொக்கு. தோளில் மண்வெட்டி. தண்ணீரில் முடிச்சுப் போட்ட இலையை விடுகிறது. எதிரே மீன் துள்ளினாலும் தின்னாது. “கடைசிக்கு வந்துச்சா?” என்று கேட்டுக்கொண்டே வயல் வயலாகப் போகிறது. கடைசி வயலில் இருக்கிற குஞ்சுக்கு மீன் கிடைத்த பிறகு, சேற்று நிறக் கொக்கு சிறகை விரிக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே வெள்ளை. அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது குழந்தை, “ஹை” என்றாள். எனக்கு வெள்ளை வேட்டி நினைவுக்கு வந்தது. முதல் பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘வாய்க்கால் கரையில் பார்த்த மடையானுக்கு’ என்று போட்டிருந்தது. படிக்கிறவர்கள் அதைக் கொக்கு என்றுதான் நினைப்பார்கள். நான் ஏணியில் ஏறி மிச்சச் சுவரை அடித்தேன். வேறென்ன செய்வது.

இந்த ஆடி மாதம் கடைமடை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை வந்தது. வெளிச்சுவரில் அந்தக் கொக்கை வரையப்போகிறார்கள், அதற்கு அடிப்பூச்சு அடிக்க வேண்டும். படம் வரைய வேறு ஆள். அந்த ஊர் என்றதும் போக யோசித்தேன். மேஸ்திரி, “ரெண்டு நாள் வேலைக்கு என்ன யோசன?” என்றார். போனேன்.

மத்தியானம் சத்துணவு நேரம். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆயா முட்டை வைத்துக்கொண்டே போக, முதல் பிள்ளை, “கடைசிக்கு வந்துச்சா?” என்று கத்தியது. வரிசை முழுக்க அதையே சொன்னது. கடைசியில் இருந்த பொடிசு முட்டையைத் தூக்கிக் காட்டி, “வந்துச்சூ!” என்றது. ஆயா தலையில் அடித்துக்கொண்டார். “தெனம் இதே கூத்துதாங்க. அந்தக் கொக்கு எம் பிராணன வாங்குது.”

அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு வயதானவர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பேரனைப் பார்க்க வந்தவர். சுவரில் பென்சிலால் போட்டிருந்த கோட்டுப் படத்தை உற்றுப் பார்த்தார். எனக்கு அவரை உடனே தெரிந்துவிட்டது. அன்று பாலத்தருகில், “வித்துட்டியாடா” என்று கேட்டவர். கடைசி வயல் அவருடையது.

“நல்ல கொக்குப்பா” என்றார் என்னிடம். “எம் பேரன் இதச் சொல்லாம சோறு திங்க மாட்டேங்குறான். இப்புடி ஒருத்தன் எங்களுக்கு மடைக்கு இருந்திருந்தா நாங்க ஏன் அந்த வருஷம் அப்புடிக் கெட்டோம்? எங்களுக்கு வாச்சவன் ஊருத் தண்ணிய வித்துத் தின்னவன்.”

என் கையிலிருந்த பிரஷ்ஷை வாளியில் போட்டேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். “ஆமாங்கய்யா” என்றேன். அந்த ஆமாவை என்னால் பொறுக்க முடியவில்லை. பலகையைத் தூக்கியதைவிட, டிராக்டருக்குப் பின்னால் நின்றதைவிட, அந்த ஆமா.

அந்த ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் போனேன். புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் விசாரித்து விசாரித்து மகள் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தது. என்னை உடனே தெரிந்துகொண்டார்.

“வா தம்பி. வாய்க்கா தூர் வாருனாங்களா?”

“மிஷின் வச்சு வாருனாங்கண்ணே.”

“கட வரைக்குமா, பாதியோடயா?”

“பாதியோட.”

“ம்” என்றார். அதில் அவருக்கு வருத்தம்.

மகள் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து என் முன்னால் போட்டார். “இதப் பாத்தீங்களா? எம் பொண்ணு ஸ்கூல்லேருந்து எடுத்துட்டு வந்துச்சு. எங்கப்பாவப் பாத்துத்தான் வரஞ்சிருக்காங்க. அந்த எல, மண்வெட்டி எல்லாம் அப்புடியே இருக்கு. பேரு மட்டும் மடையான். கேலி பண்ணிருக்காங்க.”

“அது நான் எழுதுன தப்புங்க” என்றேன். நோட்டு, பென்சில், கால், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புத்தகத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“மண்வெட்டிய எடது தோள்ல போட்டுருக்கு. நான் வலது தோளு” என்றார். இன்னொரு பக்கம் திருப்பினார். “மீனு காலடியில கெடக்கு, கொக்கு திங்காம நிக்குதாம். எந்த ஊரு கொக்கு? பொய்யி.” அவருக்குச் சிரிப்பு வந்தது. மகளுக்கும் வந்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

“அண்ணே, அன்னைக்குப் பலகையத் தூக்குனது நான்தாண்ணே.”

மகள் சமையலறைக்குப் போகத் திரும்பியவர் அப்படியே நின்றார்.

அவர், “தெரியுமே” என்றார். “ஒன்னத்தானே நிக்க வச்சுட்டுப் போனேன். வேற யாரு தூக்குவா?”

“அப்ப ஏண்ணே சொல்லல?”

“மடைய உட்டுட்டுப் போனவன் நான்ல.”

மகள் என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார். “எங்கம்மா ஒடம்பு முடியாம கெடந்தப்பகூட, கடமடைக்குத் தண்ணி போவட்டும், வர்றேன்னு நின்ன மனுசன் இது. வந்து சேந்தப்ப அம்மா இல்ல. ஊருக்கெல்லாம் தண்ணி போச்சு, எங்களுக்குத்தான் எப்பவும் கடசி. ஒரே ஒரு நாளு எனக்குன்னு முன்னால வந்துச்சு. அந்த ஒரு நாளையும் நீங்க இப்புடிப் பண்ணிட்டீங்களே.”

காபி டம்ளரைக் கீழே வைக்கவும் முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை.

அவர் கையை நீட்டி மகளை அமர்த்தினார். பிறகு என்னிடம், “எங்கிட்ட வந்து சொல்லி என்ன தம்பி ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. அவங்களுக்குச் சொன்னியா?” என்றார்.

“இல்லண்ணே.”

“அப்ப பாதியோட நின்னுடுச்சு” என்றார்.  போகும்போது பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் கடைமடை ஊருக்குப் போனேன். வேலை முடிந்துவிட்டது, வாளியை எடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு போனேன். அந்தப் பெரியவர் களத்தில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். அவரே, “என்னப்பா?” என்றார். நின்றபடியே சொன்னேன். எனக்கு எப்போதும் இல்லாத அளவுக்கு வார்த்தை வந்தது.

அவர் கயிற்றை விட்டுவிட்டார். முதலில், “எத்தன நேரம்?” என்று கேட்டார்.

“மத்தியானத்துலேருந்து பொழுது சாயுற வரைக்கும்ங்கய்யா.”

அவர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். தண்ணீர் வந்து சேர ஆகும் நேரம், கடைசி வயல். அது எனக்குப் புரிந்தது. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

“அவரு இங்க வந்தாரு” என்றார். “ஒனக்குத் தெரியாது. அந்தக் கூட்டம் முடிஞ்ச மூணாம் நாளு. நல்ல வெயிலு. நாலு மைலும் நடந்து வந்து எங்க வாசல்ல நின்னாரு. பயிரப் பாக்கணும்னாரு. பாத்தாரு. அப்பறம் குடிக்கக் கொஞ்சம் தண்ணி கேட்டாரு.”

கீழே கிடந்த கயிற்றைக் காலால் தள்ளிவிட்டார்.

“எங்க வூட்டுக்காரி சொம்ப எடுத்துட்டு வந்துட்டா. நான் வாங்கி அவரு கண்ணு முன்னாடி தரையில ஊத்துனேன். அவரு அந்த ஈரத்தப் பாத்துட்டு, திரும்பிப் போயிட்டாரு. அந்தச் சொம்ப நான் பதினோரு வருசமா பெருமையா சொல்லிட்டு இருந்தேன்ப்பா. கல்யாணத்துல, டீக்கடையில, எல்லாத்துலயும். எம் பேரனுக்கும் சொல்லிருக்கேன்.”

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை. எழுபது வயது மனிதர் ஒருவர் தலையில் புதிதாக ஒன்றை ஏற்றிவிட்டு நின்றேன்.

நான் கிளம்பத் திரும்பியபோது அவர் கூப்பிட்டார். “இத எழுதிக் குடு. நீ வாயால சொன்னத நான் போயி சொன்னா, ஊரு என்னக் கிறுக்கன்னு சொல்லும். ஒங் கையால எழுது. அடுத்த வாரம் வெள்ளிக்கெழம செவுத்துப் படத்தப் பாக்கப் பெத்தவங்களெல்லாம் வருவாங்க. டீச்சர வச்சு எல்லாருக்கும் படிப்போம். ஞாயித்துக்கெழம நான் தஞ்சாவூரு போறேன். போயி என்னன்னு பேச்சத் தொடங்குவேன்? இந்தக் காகிதம் இருந்தா மொதல்ல அத நீட்டலாம்.”

“எனக்கு எழுத வராதுங்கய்யா, தப்புத் தப்பா வரும்” என்றேன்.

“தப்பத்தானே எழுதச் சொல்றேன்” என்றார்.

பத்து நாளாக எழுதுகிறேன். வேலை முடிந்து வந்தால் கை பெயிண்ட் நாற்றம், முதுகு வலி, ஒரு பக்கம் எழுதுவதற்குள் கண் சொருகிவிடும். இரண்டு முறை கிழித்துப் போட்டேன். என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டி எழுதியிருந்தது தெரிந்ததால் கிழித்தேன். வெள்ளிக்கிழமை எனக்கு வேறு ஊரில் வேலை சொல்லியிருந்தார்கள். வர முடியாது என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். டீச்சர் படிக்கும்போது அந்தச் சுவருக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் நிற்பேன். பெரியவர் கொண்டுபோகிற காகிதத்தை அவர் வாங்குவாரா, சொம்பைப் பற்றி அவரிடம் பெரியவர் என்ன சொல்வார், மகள் கதவைத் திறப்பாரா, எனக்குத் தெரியாது.

மற்றதெல்லாம் நான் நீட்டி எழுதியது. கடைமடை ஊர்க்காரர்களுக்கு வேண்டியது ஒரு வரிதான், அதைத் தனியாக எழுதிவிடுகிறேன். உங்கள் முறையில் பலகையைத் தூக்கித் தண்ணீரைத் திருப்பியவன் நான். அவர் அன்று ஊரில் இல்லை.

இதை எழுதி முடித்தது ஆவணி மாதம் ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை.